தலையில அடிபட்ட பட்டாளத்துக்காரரை வீட்டுல வச்சுப் பார்க்குறவங்களுக்கு நாம எப்படி ஒத்தாசையா இருக்குறது

இது அடிபட்டவருக்கு எழுதுறது இல்ல. அவரைப் பார்த்துக்குற மதினிக்கோ அம்மாவுக்கோ கூட இல்ல, அவங்களுக்கு இதை உக்காந்து படிக்க நேரம் ஏது. அவங்களைச் சுத்தி இருக்குற நமக்குத்தான், மச்சினன், நாத்துனா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க, ஒரே யூனிட்ல இருந்த ஆளுங்க. நான் சர்வீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டாகி இப்ப திருமங்கலம் பக்கம் இருக்கேன், சுத்துப்பட்டு உசிலம்பட்டி பேரையூர் கல்லுப்பட்டின்னு பட்டாளத்துக்கு நிறைய ஆளு போன ஊருங்க, பென்ஷன் பேப்பர் பார்க்கணும்னு கூப்பிடுவாங்க, போயி பார்த்தா பேப்பர் பிரச்சனை கால்வாசி தான், மீதி முக்கால்வாசி அந்தப் பொம்பளை ஒத்த ஆளா கிடந்து அல்லாடுறது.

மொதல்ல ஒண்ணு. "என்ன வேணும்னாலும் சொல்லுங்க மதினி"ன்னு சொல்லிட்டு வராதீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, யாரையும் அவங்க கூப்பிடப் போறது இல்ல, கூப்பிடணும்னா என்ன வேலை, யாருக்கு எது தோதுப்படும், அவன் பொண்டாட்டி என்ன நினைப்பான்னு அவங்களே யோசிக்கணும், அதுவே ஒரு வேலை. அதுக்குப் பதிலா "செவ்வாக்கிழமை பாலிகிளினிக் போகணும்ல, காலைல ஏழு மணிக்கு நான் வர்றேன், ஃபைலை எடுத்து வைங்க, டோக்கனுக்கு நான் நிக்கிறேன், நீங்க அண்ணனோட உக்காருங்க"ன்னு சொல்லுங்க, பாலிகிளினிக்ங்குறது முன்னாள் படைவீரர்களுக்குன்னு உள்ள கிளினிக். நாள், நேரம், வேலை மூணும் உங்க வாயிலேர்ந்து வரணும். வேணாம்னு தான் மொதல்ல சொல்லுவாங்க, போயிருங்க.

அடுத்து, அவருக்கு என்ன ஆயிருக்குன்னு நீங்க கொஞ்சமாவது புரிஞ்சுக்கணும், இல்லன்னா உதவி பண்ணப் போயி உபத்திரவமா ஆயிரும். குண்டு வெடிப்புல, துப்பாக்கிச் சூட்டுல, மலை ரோட்டுல வண்டி கவுந்து, லீவுல வந்தப்ப பைக்ல விழுந்துன்னு எப்படி வேணாலும் அடிபட்டிருக்கலாம். வெளிக்காயம் ஆறி தையல் தழும்பு மட்டும் இருக்கும், ஆளு நடப்பாரு, சாப்பிடுவாரு, பேசுவாரு, பார்க்குறவங்க "நல்லாத்தானப்பா இருக்காரு"ன்னுருவாங்க. நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப்பகுதி தான் கோவத்தை அடக்குறது, திட்டம் போடுறது, இந்த இடத்துல இதைப் பேசலாமா கூடாதான்னு பார்க்குறது எல்லாம். அதுல அடிபட்டா சட்டுனு கத்துவாரு, இல்ல நேர் எதிரா ஒண்ணுத்துலயும் நாட்டமில்லாம சேர்லயே நாள் பூரா உக்காந்திருப்பாரு, அதை எல்லாரும் சோம்பேறித்தனம்ம்பாங்க. இன்னொண்ணு இருக்கு, தனக்கு ஒண்ணும் ஆகலைன்னே அவரு நம்புவாரு. வீம்பு இல்ல அது, தன்கிட்ட இருக்குற குறையைக் கண்டுபிடிக்குற பகுதியும் சேர்ந்து அடிபட்டிருக்கு. பழசெல்லாம் ஞாபகம் இருக்கும், வெலிங்டன்ல ட்ரெயினிங் எடுத்தது, வாத்தியார் வைஞ்சது, எல்லாம் வரிசையா சொல்லுவாரு, காலைல மாத்திரை போட்டாரான்னு கேட்டா தெரியாது.

அப்புறம் அசதி. இதை வெளியாளுங்க யாரும் கணக்குலயே எடுக்க மாட்டாங்க. அடிபட்ட மூளை பழைய போன் பேட்டரி மாதிரி, காலைல நூறு காட்டும், பத்து மணிக்கு இருபதுக்கு வந்துரும். கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல சாதாரண ஆளுக்கே மண்டை காயும், அவருக்கு ரெண்டு மடங்கு. அதனால டாக்டரைப் பார்க்குறது, பேங்க்குக்குப் போறது எல்லாம் காலைலயே முடிச்சிரணும், மத்தியானம் சாப்பிட்டு இருட்டு ரூம்ல ஃபேனைப் போட்டுப் படுக்க விட்டுரணும், அந்த நேரத்துல நலம் விசாரிக்க வர்றேன்னு போயி கதவைத் தட்டாதீங்க.

ஒரு வீட்டுல கண்ணால பார்த்தது. காதுகுத்துக்கு வந்த சொந்தம் எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரு வீட்டுல சாப்பிடுது. அடுப்படில குக்கர் விசில், ஹால்ல டிவில கிரிக்கெட், சின்னப் பிள்ளைக நாலஞ்சு ஓடிப்பிடிச்சு விளையாடுது, மூணு பேரு ஒரே நேரத்துல அவருகிட்ட "மாமா குழம்பு ஊத்தவா, ரசம் ஊத்தவா, அப்பளம் வேணுமா"ன்னு கேக்குறாங்க. அவரு பதில் சொல்லல, இடது கை தொடையைத் தேச்சுக்கிட்டே இருக்கு, கண்ணு டிவிக்கும் அடுப்படிக்கும் போயி போயி வருது, நாலாவது விசிலுக்குத் தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. சோறு சுவரு வரைக்கும் போயிருச்சு. எல்லாரும் அவரைப் பார்க்குறாங்க, அந்த அம்மா யாரு மூஞ்சியையும் பார்க்காம குனிஞ்சு ஒவ்வொரு பருக்கையா பொறுக்குறாங்க. தட்டு பறக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அந்தக் கை சொல்லிருச்சு. பார்த்துக்குறவங்களுக்கு இந்த அறிகுறி எல்லாம் அத்துப்படி, ஆனா சொந்தக்காரங்க முன்னாடி "டிவியை அமத்துங்க"ன்னு வாயத் திறந்து சொல்ல முடியாது, சொன்னா ரொம்பத்தான் பண்றான்னு பேச்சு வரும். அதை நீங்க பண்ணுங்க. டிவியை அமத்துங்க, பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போங்க, ஒரு ஆளு மட்டும் பேசுங்க, ஒரு நேரத்துல ஒரு கேள்வி, பதிலுக்கு மனசுக்குள்ள பத்து எண்ணுற வரை காத்திருங்க. எந்திரிச்சுப் போயிட்டாருன்னா பின்னாடியே போயி சமாதானம் பண்ணாதீங்க, தனியா விடுங்க, சோறைப் பொறுக்குறதுல அந்த அம்மாவோட சேர்ந்து குனியுங்க.

பரீட்சை வைக்குறதை நிறுத்துங்க. "அண்ணே நான் யாரு சொல்லு பார்ப்போம்", "மாமா என் பேரு ஞாபகம் இருக்கா" இதெல்லாம் நமக்கு வேடிக்கை, அவருக்கு அவமானம், நாம போனப்புறம் அந்த எரிச்சல் யாரு மேல இறங்கும்னு நினைச்சுப் பாருங்க. வாசல்லயே "அண்ணே, நான் தான் செக்கானூரணி தங்கச்சி மாப்பிள்ளை வந்திருக்கேன்"ன்னு சொல்லிட்டு உள்ள போங்க, வேலை முடிஞ்சுது.

பேச்சுல இன்னும் சில விஷயம். "நீ பக்குவமா நடந்துக்கிட்டா அவன் ஏன் கத்தப்போறான்" இதை மாமியாரு சொல்றதை நானே கேட்டிருக்கேன். "ஏதோ செய்வினை, கோடாங்கிகிட்ட கேட்டுப் பாரு" இது அடுத்தது. குலசாமி கோயிலுக்குப் போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, திருநீறு பூசுறதால யாரு மனசாவது ஆறுதலாகுதுன்னா நல்லது தான், ஆனா உடுக்கடிக்குற இடத்துல ராத்திரி பூரா முழிக்க வைக்குறது, மாத்திரையை நிறுத்தச் சொல்றது ரெண்டையும் வீட்டுப் பெரிய ஆளு யாராவது தடுத்தே ஆகணும். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும், வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்துனாலும் வரும். அப்புறம் "புருஷன் உயிரோட வந்தானேன்னு சந்தோசப்படு"ங்குறது. வந்தாரு, சரி, ஆனா அவங்க கல்யாணம் பண்ண ஆளு வரல, வேற ஒரு ஆளு அதே மூஞ்சியோட வந்து உக்காந்திருக்காரு, அதுக்கு அழவும் முடியாது, அழுதா அபசகுனம்ம்பீங்க. ஒண்ணும் சொல்லத் தெரியலைன்னா "ராத்திரி தூங்குனீங்களா மதினி"ன்னு கேளுங்க, அது போதும், அவங்களே பேசுவாங்க.

இப்ப முக்கியமான வேலை, ஆளு மாத்துறது. சென்ட்ரி டியூட்டில கூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ரிலீஃப் வருவான், இங்க வருஷக்கணக்கா ரிலீஃபே இல்லாம ஒரே ஆளு நிக்கிது. வாரம் ஒரு தடவை ஒரே கிழமை ஒரே நேரம், மூணு மணி நேரம் நாலு மணி நேரம் நீங்க போயி அவரோட இருங்க, அவங்க வெளிய போகட்டும், இல்ல உள் ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கட்டும், என்ன பண்ணாங்கன்னு கேக்கவே கேக்காதீங்க. எப்பவாவது ஒருநாள் பூரா இருக்குறதை விட வாராவாரம் தவறாம கொஞ்ச நேரம் வர்றது தான் பிரயோஜனம், ஏன்னா நாலு மணி நேரம் உறுதின்னு தெரிஞ்சா தான் அவங்க ஒரு பல் டாக்டர் அப்பாயிண்ட்மெண்டாவது போட முடியும். யூனிட் ஆளுங்க ரெண்டு மூணு பேரு சேர்ந்து முறை போட்டுக்கிட்டா இன்னும் நல்லது, சொந்தக்காரன் சொல்லி கேக்காதவரு பழைய செக்‌ஷன்காரன் "வாடா ஒரு ரவுண்டு நடந்துட்டு வருவோம்"னா செருப்பை மாட்டிருவாரு.

மொத தடவை ஒப்படைக்கும்போது அவங்க சொல்றதை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. எந்த மாத்திரை எத்தன மணிக்கு, கடைசியா வலிப்பு எப்ப வந்துச்சு, எதுக்கு கோவம் வரும், வந்தா எது பண்ணா அடங்கும், பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட விடலாமா, சாப்பாடு விழுங்கும்போது புரையேறுமா, யாருக்கு போன் பண்ணணும். அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க, அடுத்து வர்ற ஆளுக்கும் ஆகும். முதல் ரெண்டு வாரம் அவங்க வீட்டுலயே இருக்கும்போது போயி பழகுங்க, எடுத்த எடுப்புல விட்டுட்டுப் போகச் சொன்னா அவங்களுக்கும் நிம்மதி இருக்காது.

அவரோட இருக்குற நேரம் என்ன பண்றதுன்னா, பட்டாளத்து ஒழுங்கை பிடிச்சுக்கோங்க. புதுசா ஒண்ணும் மண்டையில நிக்காட்டியும் இருபது வருஷம் பழகுனது உடம்புல இருக்கும். காலைல இத்தன மணிக்கு எந்திரிக்கணும், ஷேவ் பண்ணணும், ஷூ பாலிஷ், நடை, டீ, இதே வரிசை தினமும் மாறாம. தினசரி காலண்டரை கண்ணு படுற இடத்துல மாட்டி காலைல அவரையே கிழிக்கச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு ஒயிட் போர்டுல இன்னைக்கு உள்ளதை மட்டும் எழுதுங்க, நாளைக்கு உள்ளது வேணாம். ஒரு வேலை முடிஞ்சப்புறம் அடுத்ததைச் சொல்லுங்க. பிசியோ, பேச்சுப் பயிற்சி, கை வேலைப் பயிற்சின்னு டாக்டர் சொன்னதுல ஒண்ணை நீங்க பொறுப்பெடுத்துக்கிட்டாலே பெரிய விஷயம். அடிபட்ட மொத ஆறு மாசத்துல தான் முன்னேற்றம் வேகமா தெரியும், அதுக்கப்புறமும் வருஷக்கணக்குல மெதுமெதுவா வரும், அதனால ஒரு வருஷம் ஆச்சு இனி அம்புட்டுத்தான்னு பயிற்சியை விட்டுறாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்ச திட்டத்துல படுக்கையா இருக்குறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பார்க்குறாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு பேரைக் கொடுக்குறது உங்க வேலை.

சத்தம். நம்ம ஊர்ல இது பெரிய தலைவலி, கோயில் கொடைன்னா குழாய் ரேடியோ, கல்யாணம்னா செண்டை மேளம், எழவுன்னா வேட்டு. வெடிச் சத்தத்துல அடிபட்டவருக்கு தெருவுல சரவெடி போட்டா என்ன ஆகும்னு சொல்லணுமா. தீபாவளிக்கு முன்னாடியே தெரு இளவட்டங்ககிட்ட நீங்க போயி பேசுங்க, அந்த அம்மா போயி பேசுனா ஏட்டிக்குப் போட்டியா ஆகும். "இன்னார் வீட்டுப் பக்கம் வேணாம்ப்பா, அந்தக் கடைசில போயி போடுங்க"ன்னா கேக்குற பயலுக தான். ரொம்பச் சத்தமான ரெண்டு நாளுக்கு தோட்டத்து வீடு, ஊருக்கு ஒதுக்குப்புறமா சொந்தக்காரங்க வீடு எதாவது ஏற்பாடு பண்ணிக் கொடுத்தா இன்னும் உத்தமம்.

பட்டாளத்துக் கேன்டீன்ல கிடைக்குற சரக்கு பத்தி சொல்லாம முடியாது. கோட்டா இருக்குல்ல வாங்கிட்டுப் போவோம்னு நம்ம ஆளுங்களே வாங்கி, நம்ம ஆளுங்களே அவருக்கு ஊத்திக் குடுக்குறாங்க, பாசத்துல தான். தலையில அடிபட்டவருக்குக் குடி வலிப்பைக் கொண்டு வரும், மாத்திரையோட முட்டும், கோவத்தை அடக்குற கொஞ்சநஞ்ச பிரேக்கையும் புடுங்கிரும், தடுமாறி விழுந்து மறுபடி தலையில அடிபட்டா முதல் தடவையை விட மோசம். ஒரு பெக்கு தானேங்குறவன் அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல இருக்கப்போறது இல்ல. அவரு கோட்டாவை வாங்கி வேற யாருக்காவது குடுக்குற பழக்கமும் வேணாம், வீட்டுக்குள்ள பாட்டிலே வரக்கூடாது.

வலிப்பு வந்தா இரும்புச் சாவியைக் கையில திணிக்குறது, வாயில ஸ்பூன் வைக்குறது, தண்ணி ஊத்துறது எதுவும் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கு அடியில துண்டை மடிச்சு வைங்க, சுத்தி இருக்குற சாமானை நகட்டுங்க, மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலோ, ஒண்ணு நின்னு தெளியாமலே அடுத்தது வந்தாலோ 108.

கை நீட்டுற விஷயம், இது வெளிய வராது. எல்லாரும் அடிக்குறது இல்ல, அதையும் சொல்லிர்றேன், ஆனா சில வீட்டுல நடக்குது, மதினி முழுக்கை ஜாக்கெட் போட்டிருப்பாங்க. நோய் தான் காரணம்னாலும் அடி அடி தான். நீங்க நியாயம் பேச வேணாம், ஏற்பாடு பண்ணுங்க. அருவா, கத்தி, கடப்பாறை எல்லாம் கண்ணுல படாத இடத்துக்கு மாத்துங்க. கோவம் தலைக்கேறினா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எந்த வீட்டுக்கு ஓடணும்னு முன்கூட்டியே பேசி வைங்க, அந்த வீடு உங்க வீடா இருக்கட்டும், ராத்திரி எத்தன மணிக்கு கதவைத் தட்டினாலும் ஏன் எதுக்குன்னு கேக்காம திறங்க. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேரு பேங்க் செக்யூரிட்டி வேலைக்குன்னு துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வச்சிருப்பாங்க, அப்படி ஒண்ணு வீட்டுல இருந்தா அன்னைக்கே போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்க வழி பண்ணுங்க, இதுல தயவு தாட்சண்யமே வேணாம், அவரு தனக்குத்தானே ஏதும் பண்ணிக்கிறதும் இதுல அடக்கம். பைக் சாவியும் டாக்டர் ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும் உங்ககிட்ட.

சரி, என் ஏரியாவுக்கு வர்றேன், பேப்பர். நேரமும் படிப்பும் இருக்குற சொந்தக்காரப் பையன் யாராவது இதை மொத்தமா எடுத்துக்கிட்டா அந்த அம்மா பாரத்துல பாதி இறங்கும். ஒரு பெரிய ஃபைல் வாங்கி டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), மெடிக்கல் போர்டு (ஊனம் எவ்வளவுன்னு பார்த்து எழுதுற பட்டாளத்து டாக்டருங்க குழு) பேப்பர், அடிபட்டப்ப உள்ள ஆஸ்பத்திரி சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஈசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, ஆதார், பேங்க் புக் எல்லாத்துலயும் ஜெராக்ஸ் போட்டு வைங்க, போன்ல போட்டோவும் எடுத்துக்கோங்க. ஒரிஜினல் எதையும் யாருகிட்டயும் குடுத்துட்டு வராதீங்க. அடுத்து அந்த அம்மா பேரு பிபிஓவுல எப்படி இருக்கு, ஆதார்ல எப்படி இருக்குன்னு எழுத்து எழுத்தா பாருங்க. கல்யாணமான புதுசுல யூனிட்ல குடுத்த பேரு ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, பிறந்த தேதி வேற, இது இந்தப் பக்கம் அநேகமா எல்லா வீட்டுலயும் இருக்குற கதை. அவரு இருக்கும்போதே பட்டாளத்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதி சரி பண்ணிரணும், நாளைக்கு ஃபேமிலி பென்ஷன்னு வரும்போது அந்த ஒரு எழுத்து தான் நிக்கும். இதுக்கெல்லாம் மதுரையில இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்லுவாங்க, பென்ஷன் குறை இருந்தா ஸ்பர்ஷ்ங்குற பாதுகாப்புத்துறை பென்ஷன் போர்ட்டல்லயே போடலாம்.

அடிபட்டது சர்வீஸால வந்தது, இல்ல சர்வீஸால கூடிச்சுன்னு மெடிக்கல் போர்டு ஒத்துக்கிட்டா ஊனமுற்றோர் பென்ஷன் வரும். அதுல சதவீதத்தை ரவுண்டு பண்றது ஒண்ணு இருக்கு, 50-க்கு கீழ இருந்தா 50, 50-லேர்ந்து 75 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. ஊனம் 100 சதவீதம், கூடவே ஒரு ஆளு இருந்தாகணும்னு போர்டு எழுதுனா தனியா ஒரு அலவன்ஸ் உண்டு, கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு பேரு, ஏழாவது சம்பளக் கமிஷன்ல மாசம் 6,750 ரூபாய்னு வச்சாங்க, அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் அது 25 சதவீதம் ஏறணும். தகுதி இருந்தும் கேக்காம விட்ட குடும்பங்க இருக்கு, பிபிஓவை எடுத்து அந்த வரி இருக்கான்னு பாருங்க. ரிஜெக்ட்னு லெட்டர் வந்தா கிழிச்சுப் போட்டுறாதீங்க, அப்பீல் இருக்கு, அதுக்கு மேல ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கு, சென்னையில பெஞ்ச். மதுரையிலேர்ந்து அலையணும், யாராவது ஆம்பளையாள் துணைக்குப் போங்கன்னு தான் சொல்லுவேன், சட்டத்துக்காக இல்ல, ராத்திரி பஸ்ஸுக்காக.

ஈசிஹெச்எஸ் 2003-லேர்ந்து இருக்கு, பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கித்தான் பேனல் ஆஸ்பத்திரிக்கு (திட்டத்தோட ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி) போகணும், அவசரம்னா நேராவே போகலாம். பேனல்ல இல்லாத ஆஸ்பத்திரில அவசரத்துக்குச் சேர்த்துட்டா 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லணும், இந்த ஒரு போனை சொந்தக்காரன் பண்ணிட்டா பின்னாடி பில்லுக்கு அந்த அம்மா மல்லுக்கட்ட வேணாம். நவம்பர்ல உயிர்ச் சான்று, இப்ப போன்லயே மூஞ்சியைக் காமிச்சு எடுத்துரலாம், ஆட்டோ புடிச்சு அவரைத் தூக்கிட்டுப் போகத் தேவையில்ல, ஆப்பை நீங்க போட்டுக் குடுங்க. கையெழுத்துப் போட வரலைன்னா பெருவிரல் ரேகை, அதுவும் முடியலைன்னா கால் விரல் ரேகை வச்சுக்கூட பணம் எடுக்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் ஆபீசர், ரிசர்வ் பேங்க் விதியே அது தான், கவுண்டர்ல முடியாதுன்னா மேனேஜர்கிட்ட கேளுங்க. பென்ஷன் அக்கவுண்ட்டை ரெண்டு பேரு பேர்ல மாத்தி வைக்குறது நல்லது. சுயநினைவே இல்லாத நிலைன்னா இடம் விக்கிறது, லோன் அடைக்குறது எதுவும் அந்த அம்மா கையெழுத்துல நடக்காது, ஹைகோர்ட்ல போயி கார்டியன்னு ஆர்டர் வாங்கணும், மதுரையிலயே பெஞ்ச் இருக்குறதால அலைச்சல் கம்மி.

பணத்துல இன்னொரு உஷார். மூளையில அடிபட்டவங்க யாரு என்ன கேட்டாலும் குடுத்துருவாங்க, போன்ல ஓடிபி கேட்டாலும் சொல்லிருவாங்க, டீக்கடையில எவனாவது ஏலச்சீட்டுன்னா கையெழுத்துப் போட்டுருவாங்க. செலவுக்கு ஒரு சின்ன அக்கவுண்ட்டு, அதுல கொஞ்சம் பணம், ஏடிஎம் கார்டு அதுக்கு மட்டும். முழுசா புடுங்கிட்டா அவருக்கு மானம் போயிரும், அந்தச் சண்டையும் பொம்பளை தலையில தான் விடியும். கடன் வாங்குற சொந்தக்காரங்களுக்கு ஒண்ணு, அவருகிட்ட தனியா போயி கேக்குற வேலை வச்சுக்காதீங்க, வெக்கங்கெட்ட பொழப்பு அது.

பார்த்துக்குறவங்க உடம்பு. அவங்களுக்கும் ஈசிஹெச்எஸ் கார்டு உண்டு, ஆனா தனக்குன்னு டோக்கன் போட்டதே இருக்காது. அவரைக் கூட்டிட்டுப் போற அன்னைக்கே அவங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டு பிரஷர் சுகர் பார்க்க வைங்க, தூக்கி இறக்குறதுல இடுப்பு போயிருக்கும், அதையும் காமிங்க. மனசு சரியில்லைன்னா 14416, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், மொத தடவை நம்பரைப் போட்டு போனை அவங்க கையில குடுத்துட்டு நீங்க வெளிய போயிருங்க. அமெரிக்காவுல 2010-ல சட்டமே போட்டு, அடிபட்ட வீரரை வீட்டுல பார்த்துக்குற குடும்பத்து ஆளுக்கு மாசாமாசம் பணம், ட்ரெயினிங், ரெஸ்ட் எடுக்க மாத்து ஏற்பாடுன்னு குடுக்குறாங்க, அங்கயும் யாருக்குக் கிடைக்கும் யாருக்குக் கிடைக்காதுன்னு ஏகப்பட்ட இழுபறி தான், இருந்தாலும் அந்த வேலைக்கு வேலைன்னு பேரு வச்சிருக்காங்க. நம்மகிட்ட அலவன்ஸ் வந்தாலும் அவரு பென்ஷன்ல தான் சேரும்.

பிள்ளைகளை மறந்துறாதீங்க. பத்து வயசுப் பையனுக்கு "அப்பா மண்டையில அடி, அதனால கத்துறாரு, நீ ஒண்ணும் பண்ணல"ன்னு ஒரு ஆளு உக்காந்து சொல்லணும், வாத்தியார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

கடைசியா, பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிட்டுப் போறது. அந்த வீட்டு அலமாரியில ஏற்கெனவே ஆறு பாட்டில் இருக்கும். பெரியவங்க டயப்பர் எந்த சைஸ்னு போன்ல கேட்டு ரெண்டு பாக்கெட் வாங்குங்க, இல்ல ராத்திரிக்கு இட்லி சாம்பார் கட்டிட்டுப் போங்க, தூக்குவாளியைத் திருப்பிக் கேக்காதீங்க. போனா காபி போடச் சொல்லாதீங்க, நீங்க போட்டுக் குடுங்க, டம்ளரைக் கழுவி வச்சுட்டு வாங்க.